ஓரிதழ்த்தாமரை எங்கே நின்றது

என் ஒன்பதாவது வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், எங்கள் ஊர்ப் பாதையோரங்களில் பூத்து நின்ற அத்தனையையும் நானும் என் கூட்டாளிகள் ஆறு பேரும் சேர்ந்து பறித்துத் தீர்த்தோம். அன்றைக்குக் காலை எட்டரை மணிக்கு அந்தப் பூக்களைச் செடியிலேயே பார்த்து எழுதிக்கொள்வதற்காகத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவதாக இருந்தது. அது எங்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். வருகிறவர்களுக்கும் நாலு பூ மிச்சம் வைப்போமே என்று நினைக்கிற வயது அது இல்லை.

முழுத் தப்பும் எங்களுடையது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாதி சித்தியுடையது.

சித்தி, சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு கள்ளிக்காட்டிலிருந்து காரோடு என்ற எங்கள் ஊருக்கு வந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. தாவரவியலில் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டம் அதுவரை எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை ஆய்வதற்குத்தான் பயன்பட்டிருந்தது. பஞ்சாயத்தில் நிற்கும் செடிகொடிகளையெல்லாம் ஒரு பதிவேட்டில் எழுதப்போகிறார்கள், வார்டுக்கு ஒரு தன்னார்வலர் வேண்டும் என்று அறிவிப்பு வந்ததும் சித்தி போய்ப் பெயர் கொடுத்துவிட்டாள். சம்பளமில்லாத வேலை என்பதால் வீட்டில் யாரும் தடுக்கவுமில்லை, பெருமைப்படவுமில்லை. "புல்லு பூண்டு எண்ணுகதுக்கும் ஒரு படிப்பு" என்று தாத்தா மட்டும் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

அந்த வருடம் ஓணத்துக்கு வாசகசாலையில் பிள்ளைகளுக்கு அத்தப்பூப் போட்டி வைப்பது என்று முடிவானது. அத்தம் நாள் தொடங்கிப் பத்து நாள் முற்றத்தில் பூக்களம் போடுவது, எல்லைக்கு இந்தப் பக்கத்தில், கேரளத்தில், தமிழ் பேசுகிற வீடுகளிலும் உள்ள வழக்கம்தான். வாசகசாலைக்குத் தலைவர் தாத்தா. போட்டியின் விதிகளை எழுதும் பொறுப்பைச் சித்தி தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தோவாளைச் சந்தையிலிருந்து வாங்கி வந்த செவ்வந்தியும் வாடாமல்லியும் கூடாது, ஊரில் தானாக முளைத்து நிற்கிற பூக்கள் மட்டும்தான், யார் கூடுதல் வகை கொண்டுவருகிறார்களோ அவர்களுக்கு முதல் பரிசு. பிள்ளைகளுக்குக் காட்டுப்பூக்களின் மேல் ஓர் ஆசை பிறக்கட்டும் என்று அவள் நினைத்தாள். ஆசை பிறந்தது. பரிசாக வைத்திருந்த பெரிய வர்ணப்பென்சில் பெட்டியின் மேலும் சேர்த்துப் பிறந்தது.

பதிவேட்டுக்காக வேன் ஆட்களோடு பூ பார்க்கும் நடை எட்டரைக்கு, போட்டி பதினொன்றுக்கு, இரண்டும் ஒரே நாள். முதலில் பிள்ளைகள் பெரியவர்களோடு நடந்து பெயர்களைத் தெரிந்துகொள்வார்கள், பிறகு அளவாகப் பறித்துக்கொள்வார்கள் என்பது சித்தியின் கணக்கு. பட்டம் வாங்கியவளுக்குப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

கொள்ளையில் மற்ற ஆறு பேரும் எனக்குச் சமம்தான். ஆனால் அவர்களிடம் இல்லாத ஒரு பூ என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. அப்படி ஒருத்தி இருப்பதாகவே எங்கள் வீட்டில் யாரும் காட்டிக்கொள்வதில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பத்து ஆள் ஒருவரைத் தானே விரும்பிக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் வாசலை மிதிக்கிறவர்கள் திரும்பி வந்து என் வாசலை மிதிக்க வேண்டாம் என்று தாத்தா சொல்லிவிட்டார். தாத்தா ஒன்று சொன்னால் அதற்கு மேல் எங்கள் வீட்டில் பேச்சில்லை. அப்பாவும் தாத்தா சொன்னபடி வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எனக்கு மாமி கிடைத்தது மழையால். சனிக்கிழமைதோறும் கணக்கு டியூஷனுக்கு நான் தனியாக நடந்துபோவேன். வழியில் செம்மண் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் தென்னைகளுக்கு நடுவில் ஒரு வீடு. ஒரு நாள் மழைக்கு அங்கே ஒதுங்கியபோது, அந்த வீட்டுக்காரி என் தலையைத் துவட்டிவிட்டு, முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தான் யாரென்று சொன்னாள். அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் நான் போகாமல் இருந்ததில்லை. அங்கே எனக்கு வறுத்த மீனும், தலைவாரலும், கேள்விகளுக்கு அலுக்காமல் பதிலும் கிடைத்தன. வீட்டில் தெரிந்தால் டியூஷனுக்கே துணை அனுப்புவார்கள், அதோடு மாமி போய்விடுவாள். ஆகவே ஒன்பது வயதுக்காரி எவ்வளவு வாயை மூட முடியுமோ அவ்வளவு மூடி வைத்திருந்தேன்.

அந்த வீட்டுக்கு ஒரு ஓலைப்படல் உண்டு. பூட்டு கிடையாது. மாமியின் வீட்டுக்காரர், அதாவது என் மாமா, வலை கட்டுகிற நீலக் கயிற்றால் அதை ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருப்பார். பார்க்கிறவர்கள் எல்லாரும் வெளியே தொங்குகிற நுனியைத்தான் இழுப்பார்கள். இழுத்தால் இன்னும் இறுகும். உள்ளே மடிந்து கிடக்கிற நுனியை ஒரு விரலால் தள்ளிவிட்டு, அதே நேரத்தில் படலைக் காலால் கொஞ்சம் தூக்க வேண்டும். எனக்கு இது கைவர மூன்று சனிக்கிழமை ஆனது.

மாமியிடம் இன்னொரு வித்தையும் இருந்தது. நான் சொல்வதற்கு முன்பே என் சங்கதியெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். கணக்கில் நான் வாங்கிய மதிப்பெண், கடைவாய்ப்பல் விழுந்தது, அம்மாவிடம் அடி வாங்கியது, எல்லாம். யார் சொன்னார்கள் என்று கேட்டால், காக்கா வந்து சொல்லிவிட்டுப் போயிற்று என்பாள். அது எந்தக் காக்கா என்று அந்த முற்றத்துக் காக்காக்களை எல்லாம் ஒவ்வொன்றாக முறைத்துப் பார்த்திருக்கிறேன்.

போட்டிக்கு முந்தின நாள் சனிக்கிழமை. மாமியின் முற்றத்தில், கிணற்றடிக்கு அப்பால், கணுக்கால் உயரத்துக்குச் சில செடிகள் நின்றன. ஒல்லியான இலைகள். ஒரே ஒரு இதழ் மட்டும் உள்ள, இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூ. ஒரு இதழோடு ஒரு பூ இருக்க முடியும் என்பதே எனக்கு அதிசயமாக இருந்தது. கேட்டேன். மாமி கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு செடியை வேரோடு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். தேங்காய்ச் சிரட்டையில் ஈரமணல் போட்டு நானே நட்டேன். எங்கிருந்து என்று யாரும் கேட்டால் சொல்லக்கூடாது என்று அவள் சொன்னபோது, அதைக்கூடவா எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதுபோல் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்து நின்றபோது நாங்கள் ஏழு பேரும் வாசகசாலை முற்றத்தில் பூ நிரம்பி வழியும் வட்டிகளோடு, ஓலைக் கூடைகளோடு, வரிசையாக நின்றோம். பதினைந்து பேர் இறங்கினார்கள். தொப்பி, குடை, கேமரா, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடி. அவர்களுக்குத் தலைவி ஒரு கல்லூரி டீச்சர், நரைத்த முடியைக் கொண்டையாகப் போட்டவர். சித்தி அவர்களைப் பாதைக்கு அழைத்துப்போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். தும்பை மொட்டையாக நின்றது. முக்குற்றி இருந்த இடத்தில் இலை மட்டும் இருந்தது. வேலியில் சங்குபுஷ்பக் கொடி வெறும் கொடியாகக் கிடந்தது.

சித்தி எங்கள் வட்டிகளைப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தணிந்த குரலில், "எட்டி, ஒண்ணாவது செடியில விட்டியளா?" என்று மட்டும் கேட்டாள். தாத்தா செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்தார். செய்தித்தாள் வைக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அப்பாவும் பார்த்தார். செடிகளை அழுத்திவைக்கப் பழைய காகிதக் கட்டுகள் சுமக்க ஆள் வேண்டும் என்று சித்தி கேட்டிருந்ததால் அவரும் வந்திருந்தார்.

அந்த டீச்சர் மட்டும் சிரித்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசகசாலைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். நம்முடைய வேலையைப் பாதி பிள்ளைகள் முடித்துவிட்டார்கள், இனி ஒவ்வொன்றும் எங்கே நின்றது என்று மட்டும் அவர்கள் சொன்னால் போதும் என்று மலையாளத்தில் சொன்னார். பதினைந்து பேரும் எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சித்தி அச்சடித்த தாள்களை எடுத்தாள். தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், அறிவியல் பெயர், இடம், எத்தனை என்று ஐந்து கட்டங்கள்.

இடம் என்ற அந்த நான்காவது கட்டத்தில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். பூவைக் காட்டுவது எளிது. எங்கே பறித்தோம் என்று சொன்னால் யார் வேலியைத் தாண்டினோம் என்பதும் வந்துவிடும். பாதிரியார் வீட்டுக் கிணற்றடி, ரேஷன் கடைக்காரர் தோட்டத்து மதில், அடைத்துப் போட்ட வீட்டின் பின்முற்றம் என்று ஒவ்வொருவராகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்கள். சித்தி ஒரு முகபாவமும் இல்லாமல் எழுதினாள். வீட்டில் நட்டு வளர்த்தது பதிவேட்டில் சேராது என்று ஒரு சிவப்புச் செம்பரத்தியை டீச்சர் ஒதுக்கி வைத்தபோது, அது தாத்தா தினமும் தண்ணீர் ஊற்றும் செடியில் பூத்தது என்பதும் வெளியே வந்தது. தாத்தா செய்தித்தாளை மடித்துவிட்டார்.

என் முறை வந்தது. சிரட்டையை நடுவில் வைத்தேன். காலையில் ஒரு பூ புதிதாக விரிந்திருந்தது. டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்தார். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், பிறகு என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். ஒரே இதழ் என்று நான் நினைத்திருந்த பூவில் இன்னும் நாலு இதழ்கள் இருந்தன. சின்னஞ்சிறியவை, உள்ளே ஒட்டிக்கொண்டு கிடந்தன. பெரியது ஒன்று முன்னால் நின்றதால் மற்றவை கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். நான் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

ஓரிதழ்த்தாமரை என்று சித்தி எழுதினாள். இந்தப் பஞ்சாயத்தில் இதுவரை யாரும் எழுதியிராத செடி என்று டீச்சர் சொன்னதும் சித்தி முகத்தில் காலையிலிருந்து காணாமல் போயிருந்த ரத்தம் திரும்பி வந்தது. டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"மோளே, இது எவிடெ நின்னு கிட்டி?"

எங்கே கிடைத்தது என்ற அந்தக் கேள்விக்கு நான் முந்தின நாளே பதில் தயாரித்து வைத்திருக்க வேண்டும். தயாரிக்கவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் என்று சொல்லிவிட்டேன்.

"நம்ம வீட்டுக்குப் பின்னாலயா?" என்றார் தாத்தா. அந்தப் பின்புறத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு கோழி முட்டையிட முடியாது. ஆனால் அதற்குள் பதினைந்து பேரும் எழுந்துவிட்டார்கள். தாத்தா முழங்கால் வலியால் வாசகசாலையிலேயே இருந்துகொண்டார். நான் முன்னால் நடந்தேன். அப்படித்தான் ஒரு பொய்யைக் காட்டித்தரப் பதினைந்து படித்தவர்களை நான் ஊர்வலம் கூட்டிப்போனேன்.

வீட்டுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. தவறுதலாகச் சொல்லிவிட்டேன், சானல்கரை என்றேன். நெய்யாற்றுத் தண்ணீர் வருகிற அந்தக் கால்வாய் ஓரமாக நடந்தோம். அங்கேயும் இல்லை. அப்படியானால் எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் என்றேன். கல்லுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு, அங்கே நின்றால் நம் கணக்கில் வராது என்று யாரோ சொன்னார்கள். அப்படியே சொல்லித் தப்பித்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. கல்லுக்கு இந்தப் பக்கம்தான் என்று அழுத்திச் சொன்னேன்.

வேடிக்கை என்னவென்றால், நான் பொய் சொல்லிக் கூட்டிப்போன இடமெல்லாம் அவர்களுக்கு ஏதாவது கிடைத்துக்கொண்டே இருந்தது. நாங்கள் பறித்தது அழகாக இருந்ததை மட்டும்தான். அழகில்லை என்று விட்டுவைத்ததெல்லாம் அப்படியே நின்றது. குப்பைமேனிக்குப் பூ உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கீழாநெல்லி இலையைத் திருப்பிக் காட்டினார் டீச்சர். அடியில் வரிசையாகப் பூக்கள், கடுகைவிடச் சின்னவை. புல்லுக்குக்கூடப் பூ உண்டு. நான் தினமும் மிதித்துக்கொண்டு போன வழியில் இத்தனை இருந்தன என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. கண்ணாடியை யாரும் திரும்பக் கேட்கவில்லை. பயத்தை மறந்து நான் மண்ணில் முட்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இது என்ன, இது ஏன் இப்படி, இதற்கு ஏன் முடி என்று கேட்டுக்கொண்டே போனேன். கேட்பதை நிறுத்தும்போதெல்லாம் பயம் ஞாபகம் வந்தது, அதனால் நிறுத்தாமல் கேட்டேன்.

வெயில் ஏறியது. எல்லைக்கல்லருகிலும் இல்லை என்று ஆனபோது டீச்சர் சிரட்டையைக் கையில் வாங்கி, வேரில் ஒட்டியிருந்த மணலைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். நாம் நடந்து வந்த மண்ணெல்லாம் செம்மண், இது கடல்பக்கத்து மணல் என்றார். என்னைக் கோபிக்கவில்லை. மறந்துபோயிருக்கும், குழந்தைதானே என்றார். ஆனால் நின்ற இடம் தெரியாத செடியைப் பதிவேட்டில் எழுதுவதற்கில்லை, அடித்துவிடலாம் என்று சித்தியிடம் மெதுவாகச் சொன்னார்.

சித்தி பேனாவை அந்த வரியில் வைத்தாள். உடனே கோடு போடவில்லை. என்னைப் பார்த்தாள். ஒரு நாள் முழுக்கத் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. சொன்னால் மாமி போய்விடுவாள். சொல்லாவிட்டால் இந்தப் பூ இல்லாமல் ஆகிவிடும், சித்தியின் அந்த முகமும் இல்லாமல் ஆகிவிடும். நான் வாயைத் திறந்தேன். எது வரப்போகிறது என்று எனக்கே தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

அதுவரை காகிதக் கட்டைத் தோளில் சுமந்துகொண்டு எல்லாருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்த அப்பா அப்போது முன்னால் வந்தார். சிரட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்ததுபோல் எனக்கு இருந்தது.

"மணல்லதானே நிக்கும். வாருங்க, எனக்கொரு இடம் தெரியும்" என்றார்.

அவர் தென்னைகளுக்கு நடுவில் போகும் ஒற்றையடிப் பாதையில் இறங்கினார், நான் சனிக்கிழமைதோறும் போகிற அதே பாதை. ஒவ்வொரு திருப்பத்திலும் இனி வேறு பக்கம் திரும்பிவிடுவார் என்று வேண்டிக்கொண்டேன். திரும்பவில்லை. செம்மண் முடிந்து மணல் தொடங்கியது. படல் தெரிந்தது. வந்தவர்களில் ஒரு இளைஞர் முந்திப் போய், எல்லாரையும்போலத் தொங்குகிற நுனியை இழுத்து முடிச்சை இறுக்கினார். அப்பா அவரை ஒதுக்கிவிட்டு, டீச்சரிடம் என்னவோ பேசிக்கொண்டே, பார்க்காமலே ஒரு விரலால் தள்ளி, காலால் படலைத் தூக்கித் திறந்துவிட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. மூன்று சனிக்கிழமை நான் பட்டபாடு அவருக்கு ஒரே நொடியில் வந்துவிட்டதே என்று நினைத்தேன். அப்பாக்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் போல.

மாமி கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பதினைந்து பேரையும் அப்பாவையும் என்னையும் ஒன்றாகப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. நான் டீச்சரின் பின்னால் ஒளிந்தேன். மாமி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது.

அவள் வந்து என் முன்னால் குனிந்தாள். "பேரென்ன மக்கா?" என்று கேட்டாள்.

முந்தின நாள் என் தலையை வாரிவிட்டவள். நான் என் பெயரைச் சொன்னேன். நல்ல பேரு என்றாள். அப்பா வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "நம்ம பிள்ளையாக்கும்" என்றார். அண்ணனும் தங்கையும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடப் பகைக்கு இவ்வளவு பேசியதே பெரிது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கிணற்றடிக்கு அப்பால் செடிகள் நின்றன. நான் பிடுங்கிய இடத்தில் குழி இன்னும் மூடாமல் இருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், சிரட்டையைப் பார்த்தார். எல்லாரும் மணலில் உட்கார்ந்து எண்ணவும் படமெடுக்கவும் தொடங்கினார்கள். அந்த முற்றத்தில் நின்ற மற்ற செடிகளையும் விடவில்லை. மாமி ஒவ்வொருவருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். சித்தி அவளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறாள். தண்ணீரை வாங்கிக்கொண்டு, அவளையே பார்த்துவிட்டுக் குடித்தாள்.

பிறகு சித்தி தாளை மடியில் வைத்து, இடம் என்ற கட்டத்துக்கு வந்தாள். அந்த வீடு யாருடையதோ அவர் பெயரை எழுத வேண்டும். பேனா நின்றது. இது வாசகசாலைச் சுவரில் ஒட்டப்போகிற தாள். தாத்தா கையெழுத்துப் போட வேண்டிய தாள். மணல்கரை என்று பொதுவாக எழுதிவிடலாமா என்று அவள் அப்பாவிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"வேண்டாம். முழுசா எழுது பிள்ளே" என்றார் அப்பா. மாமியின் பெயரையும், அதற்கு முன்னால் வீட்டுப் பெயரையும், ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னார். அந்தப் பெயரை எங்கள் வீட்டு ஆள் ஒருவர் வாயால் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். மாமி கிணற்றடிக்குத் திரும்பிப்போய் ஏற்கெனவே கழுவிய மீனை மறுபடியும் கழுவினாள்.

புறப்படும்போது சித்தி, "மைனி, வாறேன்" என்று நாத்தனார் முறை சொல்லி விடைபெற்றாள். மாமி தலையை ஆட்டினாள்.

வாசகசாலைக்குத் திரும்பியபோது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. வட்டிகளில் பூக்கள் வாடித் துவண்டிருந்தன. போட்டியைப் பெயருக்கு நடத்தினார்கள். வகையில் நான்தான் முதல். ஆனால் செடியை வேரோடு பிடுங்கியவருக்குப் பரிசு தரக்கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டதால், வர்ணப்பென்சில் பெட்டி பாதிரியார் வீட்டுக் கிணற்றடியில் திருடியவளுக்குப் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் கொஞ்சம் உண்டு.

சித்தி தாள்களைத் தாத்தாவின் முன்னால் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். எதையும் மேலோட்டமாகப் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பாதிரியார் வீடு, ரேஷன் கடை மதில், சானல்கரை, எல்லைக்கல் என்று விரல் இறங்கி வந்தது. ஓரிடத்தில் நின்றது. அப்பா காகிதக் கட்டைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றிருந்தார். நான் என் டியூஷன் சனிக்கிழமைகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக அனுப்பிவைத்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா விரலை எடுக்காமல், தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அந்த முற்றத்துல வேற என்னெல்லாம் நிக்குது?"

சித்திக்கு முதலில் புரியவில்லை. பிறகு அடுத்த தாளை எடுத்து வாசித்தாள். தும்பை. நெருஞ்சி. கிணற்றடியில் பிரமி. வேலியில் குன்றிமணி. படலுக்குப் பக்கத்தில் ஆவாரை. ஒவ்வொரு பெயருக்கும் தாத்தா தலையை ஆட்டினார். கிணறு உண்டா என்று கேட்டார். உண்டு என்றாள். நல்ல தண்ணியா என்று கேட்டார். நாங்கள் எல்லாரும் குடித்தோம் என்று சித்தி சொன்னாள். தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், கையெழுத்துப் போட்டார்.

தாத்தா அந்த வீட்டுக்குப் போனாரா என்றால், போகவில்லை. ஆனால் பதிவேட்டுக்கு விடுபட்டதை எழுத வேண்டும் என்று சொல்லிச் சித்தி அந்த முற்றத்துக்கு அடிக்கடி போனாள். அந்தச் சின்ன முற்றத்தில் அத்தனை மாதம் எழுத அப்படி என்னதான் இருந்ததோ. போய் வரும்போதெல்லாம் தாத்தா, இன்றைக்கு என்ன பூத்திருக்கிறது என்று கேட்பார். திருவோணத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையப் பாயசம் போனபோது அது எங்கே போகிறது என்று அவர் கேட்கவில்லை.

அன்றைக்கு வாசகசாலையிலிருந்து வீட்டுக்கு நானும் அப்பாவும் சேர்ந்துதான் நடந்தோம். சிரட்டை என் கையில் இருந்தது. அந்தச் செடி உனக்கு எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்பார், கேட்பார் என்று வீடு வரைக்கும் காத்திருந்தேன். கேட்கவே இல்லை. என் அதிர்ஷ்டம், அப்பாவுக்கு அது தோன்றவில்லை என்று நினைத்தேன். தைரியம் வந்து, அந்த முடிச்சை எப்படி அவ்வளவு சுளுவாக அவிழ்த்தீர்கள் என்று நான்தான் அவரைக் கேட்டேன். கடலுக்குப் போகிறவர்கள் போடுகிற முடிச்செல்லாம் ஒன்றுதான் என்றார். நம்பினேன். வீட்டுக்குள் போகும் முன் அவர் நின்று, சிரட்டையில் மணல் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் ஊற்று என்று மட்டும் சொன்னார்.

கல்லூரிக்குப் போகும் வயதில் ஒரு நாள் மாமாவிடம் அந்த முடிச்சுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். வலையை மடியில் போட்டு முடிந்துகொண்டிருந்தவர் சிரித்தார். பெயரெல்லாம் கிடையாது, அது கடற்கரையில் வேறு யாருக்கும் தெரியாது, தானே யோசித்துப் போட்டது என்றார்.

"உனக்கு மூணு சனிக்கிழமையில வந்துட்டு. உங்கப்பாவுக்கு ஆறு மாசம் ஆச்சு மக்கா. செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை படலுக்கு வெளிய நின்னு, தெறக்கத் தெரியாம உங்க மாமியக் கூப்பிட்டுட்டே நிப்பாரு."

அந்தக் காக்கா எதுவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.